பழைய ஒலிப்பெட்டிகளின் மேனி



பழைய கிராமபோன் பெட்டி ஒன்றோ, வால்வு வானொலிப் பெட்டி ஒன்றோ நம்மவர் வீடுகள் சிலவற்றில் இன்றும் இருக்கின்றது. அது பாடி நெடுங்காலம் ஆகியிருக்கும். விறாந்தையின் ஒரு மூலையிலே, பூவேலை செய்த துணியொன்றைத் தலையிலே தாங்கிக்கொண்டு, படச்சட்டங்களுக்குப் பீடமாய் நிற்கும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ நத்தாருக்கோ வீடு துப்புரவாகும் வேளையில் அதன்மீது நம் கண் விழுகின்றது. மங்கிய மெருகு, வெடித்த வார்னிஷ், தேநீர்க் கோப்பை வைத்த வெள்ளை வட்டம், பழுப்பேறிய முகப்பு இவற்றையெல்லாம் கண்டு, இதனைச் சற்றே புதுப்பித்தால் என்ன என்னும் எண்ணம் எழுகின்றது. கந்தைத்துணியும் மண்ணெண்ணெயும் அரத்தாளும் கைக்கு வந்துவிடுகின்றன. எழுபது ஆண்டுக் காலம் அழிக்காது விட்டுவைத்த ஒன்று அன்று மாலைக்குள் அழிந்துபோகின்றது.

ஒலிக்கருவிகளின் வரலாற்றை எழுதியோர் ஊசியையும் கொம்பையும் வால்வையும் திரான்சிஸ்டரையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். அவற்றின் புறமேனியைப் பற்றிப் பேசியோர் சிலரே. அம்மேனிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை அறியாதவர் கையில் துணியை எடுத்தல் ஆகாது என்பதே என் கட்சி.

1877 ஆம் ஆண்டிலே, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு நிகழ்ச்சிகள் நடைபெற்றன. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், இலண்டன் மாநகரில், கவிஞரும் கைவினைஞருமாகிய வில்லியம் மொறிஸ் பழங்கட்டிடங்களின் பாதுகாப்புக்கெனச் சங்கமொன்றை நிறுவினார். அக்காலத்து இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கப் புகுந்தவர்கள், சுவரின் பழம்பூச்சையும் கல்லின் மேற்றோலையும் சுரண்டி எடுத்துவிட்டு, அக்கட்டிடம் முன்னொருகால் எவ்வாறு இருந்திருக்கவேண்டும் எனத் தாம் எண்ணினரோ அவ்வாறே ஆக்கிவந்தனர். அதனை எதிர்த்தெழுந்த சங்கமாதலின், சுரண்டாமை என்னும் பொருளமைந்த செல்லப்பெயரொன்றை மொறிஸ் அதற்கு இட்டு வழங்கினார். அதே ஆண்டின் இறுதியில், அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால், தோமஸ் எடிசன் உருளையொன்றின்மேற் சுற்றிய வெள்ளீயத் தாளிலே மனிதக் குரலைப் பதித்து, அதனை மீண்டும் பேசவைத்தார். பேசும் பொறி புத்தம்புதிதாய்ப் பிறந்த ஆண்டிலேயே, பழம்பொருளைச் சுரண்டலாமா என்ற வழக்கும் பிறந்துவிட்டது. அவ்வழக்கு பேசும் பொறியின் வாசலுக்கு வந்துசேர்வதற்கு, அப்பொறி தானும் பழம்பொருளாகும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தொடக்ககாலப் பெட்டிகளின் மேனியை அறிய விரும்புவோர் முதலில் அரக்கினை அறிதல் வேண்டும். பாரதக் கதையில் வரும் அரக்கு மாளிகையை நாம் அறிவோம். பதிவுத் தபாலின்மேல் உருக்கி இடப்பட்ட சிவந்த முத்திரையையும் முதியோர் அறிவர். பூவரசு, புங்கம்போலப் பூக்குலுங்கும் பலாசு மரத்திலும், இலந்தை மரத்திலும், வேறு சில மரங்களின் கிளைகளிலும் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கின்ற பிசினே அரக்கு. வட இந்தியக் காடுகளே உலகுக்கு அதனை மிகுதியாக வழங்கிவந்தன. இதனை மதுசாரத்திற் கரைத்து, பஞ்சு பொதிந்த துணிமுடிச்சினால் மரத்தின்மேல் மீண்டும் மீண்டும் தேய்த்து ஏற்றுவது ஐரோப்பியத் தச்சர் வழக்கம். ஒவ்வொரு படலமும் மூச்சுப்போல மெல்லியது. பல படலங்கள் ஏறிய பின்னரே முகம் பார்க்கும் பளபளப்பு உண்டாகும்.

எமில் பேளினர் 1887 இல் தட்டையான இசைத்தட்டினைக் கொண்ட கிராமபோனுக்கு உரிமை பெற்றார். அவர் முதலிற் கையாண்ட கடினமாக்கிய இறப்பர் திருப்தி தரவில்லை. 1890களின் நடுப்பகுதியில் அரக்கோடு கற்றூளும் கரியும் பிற சேர்ந்த ஒரு கலவைக்கு அவர் மாறினார். அது முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகின் இசைத்தட்டுகள் அரக்குத் தட்டுகளே. ஆகவே பெட்டியின் மேலே பூசப்பட்டதும், பெட்டியினுள்ளே சுழன்று பாடியதும் ஒரே பூச்சியின் பிசின். 1942 இல், யுத்தத்தின் நடுவே, அமெரிக்க அரசாங்கம் அரக்கைக் கட்டுப்படுத்தியபோது, பழைய தட்டுகளைத் திரட்டி உடைத்துப் புதிய தட்டுகள் செய்யவேண்டிய நிலை வந்தது. எத்தனை குரல்கள் அந்த உரலில் இடிபட்டனவோ!

இந்த உறவு ஓர் எச்சரிக்கையையும் தருகின்றது. அரக்கை மதுசாரம் கரைக்கும். பழைய இசைத்தட்டை மதுசாரம் தோய்ந்த துணியாற் துடைப்பவர் பாட்டையே துடைத்து எடுக்கின்றார். பெட்டியின் மேனியும் அவ்வாறே. கோப்பையின் ஈரத்தால் விழுந்த வெள்ளை வட்டம் பெரும்பாலும் மேற்படலத்தில் தங்கிய ஈரமே. வரண்ட காற்றிலே சில நாள் வைத்தாலோ, மெழுகு தோய்ந்த மென்துணியாற் பொறுமையாகத் தேய்த்தாலோ அது பலவேளை குறைந்துவிடும். கைதேர்ந்த மெருகுகாரர், மதுசாரம் மணக்கமட்டும் நனைந்த துணிமுடிச்சை ஓடவிட்டு, வெடித்த அரக்கைத் தன்னோடு தானே கூடவைப்பார். அப்பொழுது பழைய மெருகு அழிவதில்லை. பழைய மெருகே புதிய மெருகாகின்றது. பழகாத கை அதே துணியை ஒரு கணம் நிறுத்தினால் போதும், அவ்விடத்தில் மரம் தெரியும்.

1906 இல் அமெரிக்காவின் விக்டர் கம்பெனி விக்ட்ரோலா என்னும் பெட்டியை வெளியிட்டது. அதற்கு முன்னர் கிராமபோன் என்றால் வாய்விரிந்த கொம்பொன்று தலைமேல் நிற்கும். செல்வர் வீட்டுக் கூடத்தில் அது பொறியாகவே தோன்றியது, தளபாடமாகத் தோன்றவில்லை. விக்ட்ரோலாவிலே கொம்பு பெட்டியினுள் மடங்கி மறைந்தது. மகோகனி மரத்தாற் செய்து, உயர்ந்த மெருகேற்றி, 200 டொலர் விலைக்கு விற்றனர். அன்றுமுதல் மேனியும் விற்பனைப் பொருளாயிற்று. இப்பெட்டிகளின் மூடியைத் திறந்தால், உட்புறத்திலே, கொம்பின் முன் செவிசாய்த்து அமர்ந்திருக்கும் நாயின் படம் பொன்னிறத்தில் ஒட்டப்பட்டிருக்கும். அது தாளினின்றும் மரத்துக்கு மாற்றப்பட்ட மெல்லிய படலம். மெருகோடு மெருகாக அதனையும் கழுவிவிட்டவர் பலர்.

அந்த நாயின் படத்துக்கே ஒரு கதை உண்டு. பிரான்சிஸ் பரோட் என்னும் ஓவியர் அதனை முதலில் வரைந்தபோது, நாயின் முன்னே இருந்தது கிராமபோன் அன்று. எடிசனுடைய வகையைச் சேர்ந்த உருளைப் பொறி. 1899 இல் கிராமபோன் கம்பெனியார், அப்பொறியை அழித்துத் தம் பொறியை வரைந்து தருவதாயின் படத்தை வாங்குவோம் என்றனர். படத்துக்கு 50 பவுண், பதிப்புரிமைக்கு 50 பவுண். பரோட் பழைய பொறியின்மேல் வர்ணத்தைப் பூசிப் புதிய பொறியை வரைந்தார். உலகெங்கும் பரந்த அந்தச் சின்னத்தின் மூலப்படத்திலே, ஒளி சாய்வாக விழும்போது, அடியிலே புதைந்துகிடக்கும் உருளைப் பொறியின் கோடுகள் இன்றும் புலப்படும். மேற்பூச்சு பழைமையை மறைக்கத்தான் செய்தது. ஆயினும் பரோட் சுரண்டாமற் பூசினாராதலின், இரண்டும் எஞ்சின. சுரண்டிவிட்டுப் பூசியிருப்பாராயின் இக்கதையைச் சொல்லச் சான்றிராது.

இனி வானொலிக் காலம். கொழும்பிலிருந்து ஒழுங்கான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16 இல் தொடங்கியது. அக்காலத்திலேயே மேனாட்டுத் தொழிற்சாலைகளில் மெருகுக்காரரின் துணிமுடிச்சு ஓயத் தொடங்கிவிட்டது. 1920களில் டியூபொன்ட் கம்பெனியார் மோட்டார் வண்டிகளுக்கென உருவாக்கிய நைத்திரோசெலுலோசு மெருகு, தெளிகருவியாற் சில நிமிடங்களிற் பூசிக் குறுகிய நேரத்தில் உலர்ந்துவிடுவது. அது மரப்பெட்டிகளுக்கும் வந்தது. அரக்கைப் பற்றி மேலே கூறியது இதற்குப் பொருந்தாது. ஆண்டுகள் செல்ல இது மஞ்சளேறும்; முதலைத்தோல்போல வெடிக்கும்.

இங்கேதான் சுரண்டுவோர் பெரிதும் ஏமாறுகின்றனர். விலைமலிந்த பெட்டிகளிலே, வெளிறிய சாதாரண மரத்தின்மேல் நிறமூட்டிய மெருகைத் தெளித்து, ஓரங்களில் கருமையும் நடுவில் பொன்மையும் காட்டினர். இன்னும் சில கம்பெனிகள், சிறப்பாக அமெரிக்காவின் பில்கோ போன்றவை, உயர்ந்த மரத்தின் வரியோட்டத்தை அச்சிட்ட படமாகவே பெட்டியின்மேல் ஏற்றின. மேலுள்ள மெருகை நீக்கியவன், வால்நட் மரத்தைக் காணலாம் என்று எதிர்பார்த்தவன், காண்பது பெயரில்லாத வெள்ளை மரம். வரியோட்டம் துணியோடு போயிற்று. அதனை மீட்க வழியில்லை.

பொய்யான மரவரியைப் பாதுகாப்பதில் என்ன பெருமை என்று என்னை ஒருவர் கேட்டதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் 1930களின் பொருளாதார மந்தத்திலே, வால்நட் வாங்க வகையற்ற ஒரு குடும்பம் வால்நட்டின் தோற்றத்தையேனும் கூடத்தில் வைத்திருக்க விரும்பியது என்பது பொய்யன்று. அந்த விருப்பத்துக்கு எஞ்சிய சான்று அச்சிட்ட அந்தப் படலம் ஒன்றே. வசதியுள்ளோரின் சான்றுகள் எப்படியும் பிழைத்துக்கொள்கின்றன. இங்கிலாந்தில் மேபி கம்பெனிக்காக ஆர். டி. ரசல் வரைந்து கொடுத்த எளிய, நேரிய பெட்டிகளை அருங்காட்சியகங்கள் பேணுகின்றன. மலிந்த பெட்டியைப் பேணுவார் வீட்டுக்காரரையன்றி வேறு யார்?

மரத்தின் ஆட்சியைப் பேக்கலைட் அசைத்தது. லியோ பேக்லண்ட் 1907 இல் கண்டறிந்த இந்தச் செயற்கைப் பிசின், மரத்தூளோடு கலந்து, சூடான அச்சிலே பேரழுத்தத்தால் வார்க்கப்படுவது. இங்கிலாந்தில் எக்கோ கம்பெனியார் 1934 இல் வெளியிட்ட, வெல்ஸ் கோட்ஸ் வடிவமைத்த வட்டமான பெட்டி, வானொலி மரத்தளபாடத்தைப் போலி செய்யவேண்டியதில்லை என்பதை உலகுக்குக் காட்டியது. யுத்தத்தின் பின் 1946 இல் வந்த புஷ் கம்பெனியின் டி.ஏ.சி. 90 போன்ற சிறு பெட்டிகள் பேக்கலைட்டைச் சாதாரண வீடுகளுக்கும் கொண்டுசென்றன.

பேக்கலைட்டை அழிவற்றது என எண்ணுவோர் உளர். அச்சிலிருந்து வருகின்றபோது அதன் மேலே பிசின் செறிந்த மெல்லிய தோலொன்று அமைகின்றது. பளபளப்பு அத்தோலினுடையது. வெயிலும் ஈரமும் பல ஆண்டுகள் தாக்கினால் அது மங்கும். அடியிலுள்ள மரத்தூள் தலைகாட்டும். பித்தளை துலக்கும் பசையினால் தேய்த்தால் துணி பழுப்பு நிறமாகும். அழுக்கு வருகின்றது எனத் தேய்ப்பவர் மகிழ்வார். வருவது அழுக்குமட்டும் அன்று, பெட்டியின் தோலும் சேர்ந்தே வருகின்றது. அரத்தாள் பிடித்தவருடைய பெட்டி நீரை உறிஞ்சத் தொடங்கும். சிறிதளவு சவர்க்காரம் கலந்த நீரிற் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்து, உடனே உலர்த்தி, மெழுகை மெல்லிதாகப் பூசுவதோடு நிறுத்திக்கொள்வதே அதற்கு ஏற்றது. மங்கல் முற்றும் நீங்காது, நீங்கவேண்டியதும் இல்லை.

வார்ப்பட்ட பிசினில் இன்னொரு வகை உண்டு. மரத்தூள் சேராத கற்றலின் என்பது அது. 1930களின் பிற்பகுதியிலும் 1940களிலும் அமெரிக்காவில் பாடா முதலிய கம்பெனிகள் இதனாற் செய்த சிறு வானொலிகள், கற்கண்டுக் கட்டிபோல ஒளி ஊடுருவும் அழகின. இன்று அவற்றுட் பெரும்பாலானவை தேன் மஞ்சளாகக் காட்சியளிக்கின்றன. சேகரிப்போர் விரும்பி வாங்குவதும் அந்த மஞ்சளையே. ஆனால் அவற்றுட் பல, கடையிலிருந்து வந்த நாளில் சலவைக்கல்லைப் போன்ற வெண்மையின. நீலமாய் இருந்தவை பச்சையாகிவிட்டன. காற்றும் ஒளியும் மேற்பரப்பிற் செய்த வேலை அது. தேய்த்தால் உள்ளே பழைய வெண்மை வெளிப்படும். சில ஆண்டுகளில் மீண்டும் மஞ்சளேறும். மறுபடி தேய்த்தால் பெட்டி மேலும் மெலியும். உண்மையான நிறம் எது? செய்தவன் கொடுத்த வெண்மையா, காலம் கொடுத்த மஞ்சளா? கற்றறிந்தோர் இருபாலும் உளர். என்னைக் கேட்பின், உட்புறத்திலே, ஒளிபடாத இடத்திலே, பழைய வெண்மை தானாகவே சிறிது எஞ்சியிருக்கும்; அதனைப் பார்த்து அறிந்துகொள்வது போதும், வெளியே தேய்த்து அறியவேண்டியதில்லை என்பேன்.

எல்லாவற்றிலும் மெல்லியது அலைவரிசைக் கண்ணாடி. ஹில்வேர்சம், லக்சம்பேர்க், அத்லோன், பெரோமுன்ஸ்டர் எனப் பொன்னெழுத்தில் ஊர்கள் நிரைநிரையாக எழுதப்பட்டிருக்கும். சிறுவர்களாகிய நாங்கள் பூமிசாத்திர நூலைக் காட்டிலும் அக்கண்ணாடியிலேயே ஐரோப்பாவைப் படித்தோம். ஊர்ப்பெயர்கள் கண்ணாடியின் பின்புறத்தில் மிக மெல்லிய வர்ணத்தாற் பதிக்கப்பட்டவை. ஆண்டுகள் சென்றபின் அவ்வர்ணம் வெறும் துகளாய் ஒட்டிக்கொண்டிருக்கும். என் இளமையில், தந்தையார் வெளியூர் போயிருந்த ஒருநாள், அவருக்கு மகிழ்ச்சியூட்டக் கருதிப் பெட்டியின் முகப்பைக் கழற்றிக் கண்ணாடியின் இருபுறத்தையும் ஈரத்துணியாற் துடைத்தேன். ஒரே இழுப்பில் அரை ஐரோப்பா போயிற்று. அவர் திரும்பி வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதன் பின்பு அவர் நிலையங்களைத் தேடியது முள் நிற்கும் சாய்வைக் கொண்டுதான்.

அப்பெயர்கள் வெறும் அலங்காரம் அல்ல. ஐரோப்பிய நாடுகள் தம்முள் உடன்பட்டு வகுத்த கொப்பன்கேகன் திட்டம் 1950 மார்ச்சு 15 இல் நடைமுறைக்கு வந்தபோது, நிலையங்கள் பல தம் அலைநீளத்தை மாற்றிக்கொண்டன. முந்திய பெட்டிகளின் கண்ணாடிகள் ஓரிரவிற் பிழையாயின. ஆதலின் ஊர்ப்பெயர்களின் வரிசையைக் கொண்டே பெட்டி எக்காலத்தது என அறிந்தோர் சொல்லிவிடுவர். பெரோமுன்ஸ்டர் மத்திய அலை நிலையம் 2008 இல் ஒலி அடங்கிற்று. கண்ணாடியிலே அவ்வூர் இன்னும் ஒலிபரப்பிக்கொண்டுதான் இருக்கின்றது. கண்ணாடியின் முன்புறத்தை மட்டும் துடையுங்கள். பின்புறத்தைத் தூசியோடு விட்டுவிடுங்கள். மிஞ்சினால் மென்மயிர்த் தூரிகை ஒன்று போதும்.

திரான்சிஸ்டர்க் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1954 இல் அமெரிக்காவில் ரீஜென்சி வந்தது முதல் பெட்டிகள் இலேசான பிளாஸ்டிக்காயின. பெற்றோல் தோய்ந்த துணி பட்டாற் சிலவகைப் பிளாஸ்டிக் நூல்நூலாய் வெடிக்கும். 1970களின் பெரிய ஒலிபெருக்கிச் சாதனங்களில் அலுமினிய முகப்புமேல் அச்சிட்ட எழுத்துகள், கண்ணாடி துடைக்கும் காரநீருக்கு நில்லா. பழுத்த பிளாஸ்டிக்கை ஐதரசன் பேரொட்சைட்டினால் வெளுப்பிக்கும் முறையொன்று 2008 அளவிற் கணினிப் பிரியரிடையே பரவி, ஒலிக்கருவி சேகரிப்போரிடமும் வந்தது. வெளுத்த நிறம் பலவேளை மீண்டும் பழுப்பதை அவர்களே கண்டனர்.

நம் தீவின் காற்றையும் சொல்லவேண்டும். கரையோரத்தில் உப்புக்காற்று குமிழ்களின் நிக்கலை அரிக்கின்றது. ஈரம் மரத்தோலின் அடியிலுள்ள பழைய வச்சிரத்தை இளக்க, மேற்றோல் கொப்புளிக்கின்றது. இதற்கு மருந்தாக வீட்டிலுள்ள தேங்காயெண்ணெயைத் தேய்ப்பவர் உளர். அன்றைய தினம் பெட்டி அழகாகத்தான் இருக்கும். தேங்காயெண்ணெய் உலர்ந்து இறுகும் எண்ணெய் அன்று. தூசியைப் பிடித்துவைத்துச் சிக்காகும். சுவரிலிருந்து ஒரு சாணேனும் விலக்கி, வெயில் நேரே படாத இடத்தில் வைத்து, மேலிட்ட துணியை இடைக்கிடை எடுத்து உலர விடுவது எண்ணெயிலும் மேலானது. கொப்புளித்த மரத்தோலைத் தச்சர் ஒட்டித்தருவார். ஒட்டுவது பழுதுபார்த்தல், அதற்கு எவரும் தயங்கவேண்டாம். பழைய மெருகு அடியோடு போய், எவரோ முன்னமே பச்சை வர்ணம் பூசிவிட்ட பெட்டியாயின், அதனைப் புதிதாய் மெருகிடுவதையும் நான் தடுக்கமாட்டேன். இழக்க அங்கே ஏதும் இல்லை.

தடுக்க விரும்புவது வேறொன்று. குமிழைச் சுற்றி விரல்கள் தேய்த்த வெளிறல், இசைத்தட்டை மாற்றும் கை தங்கிய மூடியின் விளிம்பு, சாவி சுழன்ற இடத்தில் விழுந்த பிறைக்கீறல் ஆகியவற்றைக் குறை எனக் கொள்வோர் பலர். அவை அழுக்கும் அல்ல, நோயும் அல்ல. கேட்டவர்கள் விட்டுச்சென்ற சுவடு. பெட்டியைச் செய்தவரின் பெயர் பட்டியலில் இருக்கும். கேட்டவரின் பெயர் எங்கும் இராது.

திருச்சிராப்பள்ளியில் ஒரு வீட்டிலே பழைய வால்வுப் பெட்டி ஒன்றைத் துப்புரவாக்க என் உதவியை நாடினார்கள். அலைவரிசைக் கண்ணாடியின் முன்புறத்தில், சிற்றலைப் பகுதியிலே, 41 மீட்டர்க் கோட்டுக்கு அண்மையில், நகச்சாயத்தால் இட்ட சிவப்புப் பொட்டொன்று இருந்தது. முதலில் அதைத்தான் எடுக்கவேண்டும் என்றார் வீட்டு இளைஞர். உள்ளிருந்து வந்த அவருடைய தாயார், அது மாமியார் இட்டது என்றார். கண்பார்வை மங்கிய காலத்தில் முள்ளை இலங்கை வானொலிக்குக் கொண்டுவந்து நிறுத்துவதற்காக இட்டாராம். இளைஞர் சற்றுநேரம் பேசாது நின்றார். பின்பு கண்ணாடியின் முன்புறத்தை இருவருமாகத் துடைத்தோம். அந்தப் பொட்டைச் சுற்றித் துடைத்தோம்.